எழுத்து வேண்டாமென்று வாங்கிய கார்

மாலை வகுப்பில் கீஃபர் டீச்சர் ஆளுக்கொரு தலைப்பு எடுக்கச் சொன்னார். நம் ஊரைப் பற்றியதாக இருக்க வேண்டும், வெளியூர்க்காரருக்கும் புரிய வேண்டும், குளிர்காலம் முடிவதற்குள் எழுதி சர்ச் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். ஒருவர் நெக்கர் ஆற்றுப் பாலத்தை எடுத்துக்கொண்டார். பல் டாக்டர் ஏட்டிங்கர் பாட்டுக் குழுவை எடுத்துக்கொண்டார். நான் ராய்ஷர் 24 ஆர் காரின் வரலாற்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தப்பு செய்துவிட்டேனோ என்று தோன்றியது. கார் தொழிற்சாலை இருக்கும் ஊரில் காரைப் பற்றி எழுதினால், திருத்தம் சொல்ல ஊரே கிளம்பி வரும்.

இருந்தாலும் முறையாக ஆரம்பித்தேன். ராய்ஷர் 24 ஒரு குடும்பக் கார். நான்கு கதவு, பின்னால் மூன்று பேர் உட்காரலாம், டிக்கியில் ஒரு குடும்பத்தின் விடுமுறைச் சாமான் கொள்ளும். சாம்பல் நிறத்தில் கிடைக்கும். அது பிடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல் நிறத்திலும் கிடைக்கும். 1979இல் சோதனைப் பிரிவில் சிலர் அதே இன்ஜினுக்குள் வேறு பிஸ்டன்களைப் போட்டு, இன்னும் சில உறுப்புகளை மாற்றிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் ஆல்ப் மலைமேல் ஏறிய சோதனை ஓட்டுநர், மேசையில் வைத்த சூப் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டாராம். இதை என்னிடம் சொன்ன எல்லாரும் சூப்பைப் பற்றித் தவறாமல் சொன்னார்கள். அதனால் அது உண்மையாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

விற்கலாமா என்ற கேள்வி மேலிடத்துக்குப் போனது. ராய்ஷர் குடும்பம் ஞாயிறு தவறாமல் சர்ச்சின் முன்வரிசையில் உட்காரும் குடும்பம். இவ்வளவு வேகமான காரை நாம் செய்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே எதையும் மாற்றக் கூடாது. டிக்கி மூடியில் 24 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக, சிவப்பில், ஓர் 'ஆர்' மட்டும் வைக்கலாம். அதையும் வேண்டாமென்று வாங்குபவர் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம்.

வடக்கே, ஹாம்பர்க் பக்கம், அந்த எழுத்தை இன்னும் பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டார்களாம். சாதாரண 24 வாங்கிவிட்டு, கடையில் அந்த எழுத்தைத் தனியாக வாங்கி ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் எழுத்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்கள். சிலர் அதோடு நிற்காமல், முன்சீட்டில் உட்காருகிறவர் பார்த்துவிடக் கூடாதென்று, சாதாரணக் காரின் வேகமானியையே பொருத்தித் தரச் சொன்னார்கள். அதிலிருக்கும் எண்கள் முடிந்த பிறகும் கார் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

எங்கள் தெருவில் எத்தனை ஆர் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கேட்பதும் மரியாதையில்லை. எழுத்தோடு ஓடுகிற ஒரே ஆர், டாக்டர் ஏட்டிங்கருடையது. அவர் வடக்கே ஹனோவரிலிருந்து வந்தவர். வந்து இருபது வருடம்தான் ஆகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

எங்களிடம் இருப்பது சாம்பல் நிற 24. அம்மா மார்த்தா, ராய்ஷர் தொழிற்சாலையில் சீட் தைக்கும் பிரிவில் வேலை பார்ப்பதால், ஊழியர் விலையில் 1986இல் அவள் பெயரில் வாங்கியது. ஆனால் அதை அப்பாவின் கார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்பா எர்வின் மவுதே நில அளவை அலுவலகத்தில் இருக்கிறார். அவருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. புது இன்ஜினைப் பழக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மற்றவர்களின் 24 ஆல்ப் ஏற்றத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கி, கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும். அப்பாவுடையது நாலாவது கியரிலேயே உச்சிவரை போய்விடும். அதற்குக் காரணம், முதல் மாதங்களில் அவர் அதைப் பழக்கிய விதம்தான்: காலையில் இன்ஜின் சூடாகும்வரை காத்திருப்பது, பாதிக்கு மேல் மிதிக்காமல் இருப்பது, தினம் ஒரே பாதையில் போகாமல் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை காருக்கும் ஓய்வு கொடுப்பது.

புதுக் கார் வாங்கியவர்கள் சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வருவார்கள். அப்பா காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு யோசனை சொல்வார். வீட்டில் அதிகம் பேசாதவர், அப்போது மட்டும் நிறுத்தாமல் பேசுவார்.

அவருடைய முதல் சீடன் என் தாய்மாமா காட்லோப். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரும் ஒரு 24 வாங்கி, அப்பா சொன்னபடியே பழக்கினார். அது ஏறவில்லை.

"மச்சான், நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் பண்ணினேன். என் வண்டி மட்டும் ஏன் ஏத்தத்துல முனகுது?"

"எங்கயோ ஒரு நாள் அவசரப்பட்டிருப்ப. நல்லா யோசிச்சுப் பாரு."

மாமா உண்மையாகவே யோசிப்பார். ஒரு ஞானஸ்நானத்துக்கு நேரமாகிவிட்டதென்று புது வண்டியை ஒரே ஒரு தடவை அழுத்தி மிதித்தது ஞாபகத்துக்கு வரும். பிறகு அன்று முழுக்க அந்தக் குற்றவுணர்ச்சியோடு திரிவார்.

கட்டுரைக்காக, தொழிற்சாலையின் சர்வீஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எழுத்தில்லாத ஆர் சர்வீசுக்கு வந்தால் மெக்கானிக்குகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு காருக்கும் போட வேண்டிய ஸ்பார்க் பிளக் வேறு என்பதால் தெரிந்தே ஆக வேண்டும். அவர் சொன்னார்: பின்சீட்டைத் தூக்கினால் அடி ஓரத்தில் ஒரு தையல் இருக்கும். சாதாரண 24க்குச் சாம்பல் நூல். ஆருக்குச் சிவப்பு நூல்.

சாம்பல் நூல் எப்படி இருக்கும் என்று பார்த்து எழுதிவிடலாமென்று சனிக்கிழமை காலை எங்கள் காரின் பின்சீட்டைத் தூக்கினேன். சிவப்பாக இருந்தது.

அந்தப் பெரியவர் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். நான்தான் மாற்றிக் குறித்துக்கொண்டேன் என்று அடுத்து நினைத்தேன். மாமாவின் காரில் எதையோ விட்டுவிட்டேன் என்று சொல்லி, அதன் பின்சீட்டையும் தூக்கிப் பார்த்தேன். சாம்பல். ஓய்வு பெற்ற இன்னொருவரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். அதன் பிறகுதான் சமையலறைக்குப் போனேன். அம்மா சாலட்டுக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம வண்டி பின்சீட்டுல சிவப்பு நூல் இருக்கு."

"இருக்கும். நான்தான் தைச்சேன்."

கத்தியை நிறுத்தாமலே மீதியையும் சொன்னாள். பழைய காரில் ஒருமுறை அந்த ஏற்றத்தில் அப்பா ஒரு லாரியை முந்தப் போனார். நான் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தேனாம். பாதி முந்தியபோது கார் இழுக்க மறுத்தது, எதிரே பேருந்து வந்தது, எப்படியோ பின்வாங்கித் தப்பினார்கள். அடுத்த காருக்கு ஆர்டர் எழுதிக் கொடுக்கும்போது, அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு, அம்மா தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஆராக மாற்றிவிட்டாள். எழுத்து வேண்டாமென்றும், வேகமானி சாதாரணமானதே போதும் என்றும் சொல்லிவிட்டாள். இன்சூரன்ஸ் தொழிற்சாலை வழியாகவே போகிறது. சர்வீசுக்கும் அவளே வேலைக்குப் போகும்போது கொண்டுபோய் விடுகிறாள். காரின் காகிதங்கள் உறையோடு டேஷ்போர்டில் கிடக்கின்றன. போலீஸ் தன்னை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை என்று பெருமைப்படுகிற அப்பாவுக்கு அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை வரவில்லை.

"உங்கப்பா மிதிக்கவே மாட்டார். அப்ப மிதிக்காமலே ஏறுற வண்டியா வேணும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் இருந்தேன். பழக்கி முடிச்சு முதல் தடவை ஏத்தம் ஏறிட்டு வந்து, 'மார்த்தா, ஒழுங்காப் பழக்கினா எப்படி ஏறுது பாத்தியா'ன்னார். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"அதுக்கு இவ்வளவு வருஷமா?"

"வருஷம் ஆக ஆக இன்னும் கஷ்டமாயிடுச்சு." உருளைக்கிழங்கைக் கிண்ணத்தில் தள்ளினாள். "ஆபீஸ்ல அவரைத் தேடி யாரும் வர்றதில்ல மிர்யம். நம்ம வாசலுக்குத்தான் வர்றாங்க. நீ எதை வேணா எழுது. அதை அவர்கிட்டேர்ந்து எடுத்துடாத."

எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். கட்டுரையில் எங்கள் காரைப் பற்றி ஒரு வரியும் வைக்கவில்லை. ஆனால் வகுப்பில் அதுவரை எழுதியதை வாசித்தபோது, டாக்டர் ஏட்டிங்கர் கை தூக்கினார். ஆல்ப் ஏற்றத்தை அடி முதல் உச்சிவரை நாலாவது கியரில் ஏறும் கார் ஆர் ஒன்றுதான், அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மவுதேயின் சாதாரண 24கூட ஏறுமே என்று பாலக்காரர், அதாவது பாலத்தைப் பற்றி எழுதுபவர், சொன்னார். டாக்டர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கீஃபர் டீச்சர், கேள்விப்பட்டதை எழுதாதீர்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றார்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைப் பரீட்சை ஏற்பாடானது. பந்தயம் என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை. மரம் அறுக்கும் ஆலையை நாலாவது கியரில் கடக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டிவரை கியரை மாற்றக் கூடாது, சாலையில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. யார் முதலில் போகிறார் என்பது கணக்கில்லை. அப்பா உடனே ஒத்துக்கொண்டார். அம்மா மழை வரும் என்றாள், வண்டியில் ஏதோ சத்தம் கேட்டது என்றாள், தனக்குத் தலைவலி என்றாள். ஒன்றும் எடுபடவில்லை.

மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வகுப்பு முழுக்க, பிரெட்செல் ரொட்டிப் பையோடு நின்றிருந்தது. சாதாரண 24க்கு மாதிரியாக வந்த காட்லோப் மாமாதான் முதலில் கிளம்பினார். இரண்டாவது வளைவில் அவர் கார் உதற ஆரம்பித்து, கியரைக் குறைக்கும் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. அடுத்து டாக்டர், பாட்டுக் குழுவில் பாடுகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தபடி, உச்சிவரை போனார். கடைசியாக நாங்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு தடவைகூட பாதிக்கு மேல் மிதிக்கவில்லை. கார் சாவகாசமாக மேலே போய் நின்றது.

மாமாதான் அதிகம் சந்தோஷப்பட்டார். தன் கார் தோற்றதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"பாத்தீங்களா டாக்டர்? நீங்க அந்த எழுத்துக்கு மட்டும்தான் காசு குடுத்திருக்கீங்க."

டாக்டர் தன் டிக்கி மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலக்காரர் என்னிடம், அப்படியானால் ஆரில் விசேஷம் ஒன்றுமில்லை என்றல்லவா நீ எழுத வேண்டும் என்றார். என் கட்டுரை முழுக்கப் பொய்யாகிவிட்டது, அது பொய்யில்லை என்பதும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

அப்பா பெருமையடிக்கவில்லை. டாக்டரின் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். கீழே போய்த் திரும்ப ஏறி வந்தார். நன்றி சொல்லிச் சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் கேட்டார்.

"சாதாரணதுக்கும் ஆருக்கும் சக்தியில எவ்வளவு வித்தியாசம்னு எழுதியிருக்கே?"

"ஏறக்குறைய ஒண்ணரை மடங்குப்பா."

"டாக்டர் வண்டியும் நம்ம வண்டியும் ஒரே மாதிரி இழுக்குது. ஒண்ணு உன் கட்டுரை தப்பு, இல்லன்னா என் வண்டி தப்பு."

சரிபார்க்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அளக்கிற வேலையில் இருப்பவர், யாராவது சரிபார்க்கிறேன் என்று சொன்னால் அதை மதிப்பார்.

மதியம் பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்சும். அம்மா அவர் தட்டில் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"எர்வின், அது ஆர்."

அப்பா மென்றதை முழுங்கினார். "எப்பலேர்ந்து?"

"வாங்கினதுலேர்ந்து."

"இன்சூரன்ஸ்?"

"என் சம்பளத்துல போகுது."

"எழுத்து?"

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அது ஒண்ணு நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. தட்டைக் காலி செய்தார். பிறகு எழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் வாசல் நடைபாதையைப் பெருக்க ஆரம்பித்தார். அந்த வாரம் பெருக்கும் முறை எங்களுடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் ஜன்னலைத் திறந்து, நான் ஏதாவது மறந்துவிட்டேனா என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, சும்மாதான் என்றார் அப்பா. சும்மா பெருக்குகிற ஆளை எங்கள் தெரு பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து அம்மாவிடம் நலம் விசாரித்தார்கள்.

அம்மாவும் அவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. ஞாயிறு சாயங்காலம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். கட்டுரையில் ஏற்றத்தைப் பற்றிய இடம் எது என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் நிறுத்து, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம்ப்பா, அந்தப் பகுதியையே எடுத்துவிடலாம் என்றேன். என்னால் அதைக் கெஞ்சாமல் சொல்ல முடியவில்லை.

"காட்லோப் இத்தனை வருஷமா அந்த ஞானஸ்நானத்தை நெனச்சு வருத்தப்பட்டுட்டிருக்கான்" என்றார். "தப்பா அளந்தா திருத்திடணும்."

சர்ச் மண்டபம் நிரம்பியிருந்தது. பாலம் முடிந்தது, பாட்டுக் குழு முடிந்தது. பாட்டுக் குழுவே எழுந்து இரண்டு பாட்டுப் பாடியதால் நேரமானது. நான் ஆரின் வரலாற்றை வாசித்தேன். சூப் வந்த இடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஏற்றம் வந்ததும் நிறுத்தினேன். அப்பா முன்வரிசையிலிருந்து எழுந்து, ஜனங்கள் பக்கம் திரும்பினார். தன் வாசலில் பேசுகிற குரல் அல்ல அது.

"என் வண்டி சாதாரண 24 இல்ல. ஆர். எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது. ஏத்தத்துல ஏறினது வண்டி. நான் பழக்கினதால இல்ல. என் பேச்சைக் கேட்டு யாராவது கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க."

உட்கார்ந்துவிட்டார். அவர் காது நுனி சிவந்திருந்தது. அம்மா அவர் முழங்கை மேல் கை வைத்தாள். இத்தனை வருடம் அவரிடம் இருந்த ஒரே பெயரை அவரே எல்லார் முன்னாலும் இறக்கி வைத்துவிட்டார். அடுத்து என்ன வரும் என்று நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்ட ஆரம்பித்தார்; எங்கள் ஊரில் பாராட்டுவது அப்படித்தான். இன்னொருவர் தட்டினார். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. காட்லோப் மாமா எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு. இத்தனை வருஷம் ஓட்டுன வண்டி என்ன வண்டின்னே தெரியாதாம். அதுவும் இவருக்கு. இதை நாங்க நம்பணுமாம்."

சிரிப்பு எழுந்தது, அன்பான சிரிப்பு. அப்பா மறுபடி எழுந்து, உண்மைதான், உண்மையாகவே ஆர்தான் என்றார். அவர் சொல்லச் சொல்லத் தட்டும் சத்தம் கூடியது. நான் உதவிக்குப் போனேன். பின்சீட்டில் சிவப்பு நூல் இருக்கிறது, இப்போதே போய்ப் பார்க்கலாம் என்றேன். பாலக்காரர் என்னைப் பாசத்தோடு பார்த்தார்.

"சீட்டுத் தைக்கிறவங்க வீட்ல சிவப்பு நூலுக்கா பஞ்சம்?"

டாக்டர் ஏட்டிங்கர்தான் எல்லாரையும்விட நெகிழ்ந்து போயிருந்தார். தன்னைத் தலைகுனிவிலிருந்து காப்பாற்றத்தான் அப்பா இப்படிச் சொன்னார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முன்னால் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஹெர் மவுதே, எங்க ஊர்ல இதுக்கு நேர் எதிரா பொய் சொல்லுவாங்க."

அவர் மறுநாளே தன் காரின் எழுத்தைக் கழற்றிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஊருக்குள் அதை வரவேற்றார்கள்.

கீஃபர் டீச்சர் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தபோது, அப்பா பேசியதை நான் கடைசியில் சேர்த்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், அழகாக இருக்கிறது, ஆனால் வரலாற்றில் உறுதியான தகவலை மட்டும் வைக்கவும் என்று எழுதியிருந்தார். அதை எடுப்பதா வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்த வாரம் காட்லோப் மாமா பழையதை விற்றுவிட்டுப் புதிய சாதாரண 24 காரோடு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை தன்னால் கெட்டுப்போகக் கூடாது, அப்பாவே கையால் பழக்கித் தர வேண்டும் என்று சாவியை நீட்டினார். அப்பா சாவியைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது காட்லோப். சொன்னேன்ல."

"சொன்னீங்க. நானும் கேட்டேன்" என்றார் மாமா, சாவியை நீட்டியபடியே.

அப்பா உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தார். போய்ட்டு வாங்க, கேட்கிறான்ல என்றாள் அம்மா. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, இன்ஜின் சூடாகும்வரை காத்திருந்து, கிளம்பினார். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் மறைக்காமல் சொன்னார்.

"இது ஏறாது."

மாமா மரியாதையோடு தலையாட்டினார்.

"சரி மச்சான். எப்ப ஏறும்?"